முதல் பூ வெள்ளை

கோச்சடையில் பிச்சுமணி வீட்டுக் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கம்ப்யூட்டர் என்றதும் மடியில் வைத்துத் தட்டுகிற சமாசாரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு, எழுத்துத் தேய்ந்த கீபோர்டு, பின்னால் ஒரு பழைய டிவி. அவ்வளவுதான் ஆள். இன்டர்நெட் கிடையாது, பாட்டு கிடையாது, மணி பார்க்க உள்ளே ஒரு கடிகாரம்கூடக் கிடையாது. சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டு நிற்கும். பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் என்ன எழுதிக் கொடுக்கிறோமோ அதைச் செய்யும், எழுதாததைச் செய்யாது. அந்த வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரே ஜென்மம் அதுதான்.

அந்தப் பெட்டியிடம்தான் பிச்சுமணியின் மனைவி ஜானு தன் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று வெள்ளிக்கிழமைதோறும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பிள்ளையைத் தொலைத்தவள் எதனிடம்தான் கேட்கமாட்டாள்? கிளியிடம் கேட்பாள், சோழியிடம் கேட்பாள், வாசலில் கத்துகிற பல்லியிடமும் கேட்பாள். ஜானுவுக்கு வாய்த்தது இந்தப் பெட்டி. அதைச் செய்தவனே அந்தப் பிள்ளைதான் என்பது வேறு விஷயம்.

பிள்ளை பெயர் ஸ்ரீராம்குமார். மற்றவர்கள் வீட்டுப் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு அலைந்த வயதில் இவன் பற்றவைப்புக் கோலும் ஈயக் கம்பியுமாக உட்கார்ந்திருந்தான். வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. அலங்காநல்லூரில் விருமாண்டி என்று அவனுக்கு ஒரு கூட்டாளி, கல்லூரியில் கூடப் படித்தவன், அப்பாவின் கரும்பு வயலைப் பார்த்துக்கொண்டவன். இரண்டு பேரும் போர்டு வரவழைத்து, ஒட்டி, டிவியில் மாட்டி, பத்து வரி எழுதி ஒரு புள்ளியைத் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்த்துவார்கள். நகர்ந்ததும் கை தட்டுவார்கள். கையில் இருக்கிற போனே ஆயிரம் வேலை செய்கிற காலத்தில் ஒரு புள்ளி நகர்வதற்கு என்ன கைதட்டல் என்று பிச்சுமணி கேட்பார். "போன்ல எல்லாம் வேற எவனோ பண்ணினதுப்பா. இந்தப் புள்ளி நான் பண்ணினது" என்பான்.

ஜானுவுக்குப் பூக்கட்டிப் பார்க்கிற பைத்தியம் உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சந்நிதியில் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. கல்யாணம், மனை வாங்குவது என்று பெரிய காரியத்துக்குத்தான் ஊரில் கட்டுவார்கள். ஜானு புது மிக்ஸி வாங்கலாமா என்பதற்கும் கட்டுவாள். ஒரு நாள் ஸ்ரீராம் பொறுக்கமுடியாமல், "அம்பாளுக்கு வேற வேலையே இல்லையாம்மா? சில்லறைக் கேள்வியெல்லாம் இனிமே இதுகிட்ட கேளு" என்று பேசிக்கில் ஒரு பூக்கட்டு எழுதிக் கொடுத்தான். திரையில் இரண்டு பொட்டலம் வரும். ஒன்றோ இரண்டோ அமுக்கினால் நட்சத்திரக் குறிகளாலான ஒரு பூ மேலிருந்து வரி வரியாக விரியும். வெள்ளை, அல்லது சிவப்பு. ஜானு முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பிறகு பெட்டிக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள், பிறகு மிக்ஸி வாங்கினாள்.

அப்புறம் ஒரு காலையில், "விருமாண்டி புது போர்டு வாங்கியிருக்கானாம். பாத்துட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடறேன்" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனவன் அலங்காநல்லூர் போய்ச் சேரவில்லை. பைக் மட்டும் கிடைத்தது. வைகைப் பாலத்துக்குக் கீழே, நட்டநடு மணலில், ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு, சாவியை அதிலேயே விட்டு, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டி நிறுத்தியிருந்தது. ஆற்றோடு போயிருப்பான் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அந்த மாதம் வைகையில் காக்காய் குளிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. மணலில் பைக் வந்த தடம் இருந்தது, ஆள் இறங்கிப் போன தடம் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். காற்று அழித்திருக்கும் என்றது போலீஸ். அதற்கப்புறம் அந்த வழக்கு கிணற்றில் போட்ட கல்தான்.

அன்றிலிருந்து ஜானு வாசற்கதவைத் தாண்டவில்லை. "நான் இல்லாத நேரம் பார்த்து வந்தான்னா? கதவு பூட்டியிருக்கேன்னு திரும்பிப் போயிடுவான். ரோஷக்காரன்" என்றாள். கோயில் கிடையாது, கல்யாணம் கிடையாது, கூடப் பிறந்த தங்கை செத்ததற்கும் போகவில்லை. கோயிலுக்குப் போகாதவள் எங்கே பூக்கட்டுவாள்? கூடத்தில் பெட்டி இருந்தது. முதல் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்து, அதன் முன்னால் உட்கார்ந்து, இரண்டை அமுக்கினாள். அவளுக்கு இரண்டாவது குழந்தை அவன். வெள்ளைப் பூ விரிந்தது. அன்றைக்குத்தான் பல நாள் கழித்து ஒரு வாய் ரசஞ்சாதம் சாப்பிட்டாள்.

பக்கத்தில் நின்று அதைப் பார்த்தவள் பிரியம்வதா, மூத்தவள். பழங்காநத்தத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. தம்பி காணாமல் போன வருஷம் அவளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு அப்படியே நின்றது, யாரும் மறுபடி எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலை அவள் தலையில் விழுந்தது. தம்பி விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்திருந்த பேசிக்கை வைத்துக்கொண்டு சமாளித்தாள். ஒரு சமயம் பெட்டி உயிர் பெறாமல் போக, விருமாண்டியைக் கூப்பிட்டாள். அவன் வந்து ஒரு கம்பியை ஒட்டிக் கொடுத்துவிட்டு, ஜானு அடுப்படிக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, இதுல ஒரு கோளாறு இருக்கு, தெரியுமா? இந்தச் சின்ன மிசினுக்கு நெசமாக் குலுக்கிப் போடத் தெரியாது. உள்ள நம்பரெல்லாம் வரிசையா நிக்கும். ஒவ்வொரு தடவை சுவிட்சப் போடும்போதும் மொதல்ல இருந்துதான் எடுக்கும். வேற எடத்துல இருந்து எடுன்னு ஒரு வரி எழுதணும். இதுல அது இல்ல. அதனால போட்டவொடன வர்ற மொதப் பூ எப்பவும் வெள்ளதான். ரெண்டாவது செவப்பு. எதை அமுக்குனாலும் அம்புட்டுத்தான்."

பிரியம்வதா அந்த வரியை எழுதச் சொல்லவில்லை. "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றாள்.

அன்றைக்கே ஒரு சட்டமும் போட்டுவிட்டாள். ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான், கேட்டதும் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி சூடாகிவிடும். ஜானு அதை அம்பாளின் உத்தரவாகவே ஏற்றுக்கொண்டாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் இல்லை, வரமும் இல்லை, பூசாரி மட்டும் இருந்தாள். வாரா வாரம் அம்மா கேட்பாள், வாரா வாரம் வெள்ளை விழும், பூசாரி பின்னால் நின்று, அம்மாவின் தோள் இறங்குவதைப் பார்ப்பாள். பாவமா புண்ணியமா என்று முதலில் யோசித்தாள். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டாள். அம்மா சாப்பிட்டாள், தூங்கினாள், வேறென்ன வேண்டும்?

இந்த வருஷம் வந்தது வினை. ஒரு நாள் அடுப்படியில் ஜானு அப்படியே சரிந்து விழுந்தாள். மயக்கத்தில் கிடந்தவளைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதால் அது வெளியே போனதில் சேர்த்தியில்லை. கண் விழித்ததும் கையில் ஏறிக்கொண்டிருந்த ஊசியைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் டாக்டர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக்கொண்டே வருகிறது, அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பல நாள் வைத்திருக்க வேண்டும். தள்ளிப்போட்டால் ஒரு நாள் இதேபோல விழுவார், எழுந்திருக்கமாட்டார்.

"பல நாளா? நடக்காது" என்றாள் ஜானு. "அவன் வந்தா?"

கெஞ்சினார்கள், திட்டினார்கள், பிச்சுமணி இரண்டு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார். அம்மிக்கல் அசைந்தாலும் அசையும், ஜானு அசையவில்லை. உட்கார்ந்து காய் நறுக்குவாள், நடுவில் கத்தியை வைத்துவிட்டு மூச்சு வாங்குவாள், மறுபடி நறுக்குவாள். பிரியம்வதாவுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கச் சகிக்கவில்லை. கத்தி நின்றால் இவள் மூச்சும் நின்றது.

பிச்சுமணி ஒரு நாள் மகளை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"வாத்தியாரைப் பார்த்துட்டு வந்தேன். பன்னெண்டு வருஷம் ஒரு தகவலும் இல்லேன்னா, தர்ப்பையில ஆள் மாதிரி உருவம் பண்ணி, அதுக்குக் கொள்ளி வெச்சு, காரியம் பண்ணிடலாமாம். சாஸ்திரத்துல இருக்காம்."

பிரியம்வதா கீழே அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அப்புறம் அவ யாருக்காகக் காத்துண்டிருப்பா? போயிட்டான்னு ஆயிடுத்துன்னா ஆஸ்பத்திரிக்கு வந்துடுவா. அவளைக் காப்பாத்தறதுக்கு அவனை விடறேன். பெத்தவன் பேசற பேச்சா இது? எனக்குத் தெரியாதா? வேற என்ன பண்ணச் சொல்றே, சொல்லு." அவர் அழவில்லை. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜானுவிடம் சொல்கிற வேலையை அவரே ஏற்றுக்கொண்டார். வீடு இடிந்து விழும் என்று பிரியம்வதா பயந்தாள். ஜானுவோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அவனையே கேட்டுடலாம்" என்றாள்.

"எப்படி?"

"எப்பவும் கேக்கற மாதிரிதான். வெள்ளிக்கிழமை பூ பார்க்கலாம். வெள்ளை விழுந்தா நீங்க காரியத்தைப் பண்ணுங்கோ, நான் ஆஸ்பத்திரிக்கு வரேன். சிவப்பு விழுந்தா இந்தப் பேச்சே இந்த வீட்டுல எடுக்கப்படாது."

பிச்சுமணி நியாயம்தான் என்று தலையை ஆட்டினார். பிரியம்வதா கணக்குப் போட்டுப் பார்த்தாள். முதல் பூ எப்போதும் வெள்ளை. இத்தனை வருஷமாக எந்தப் பூ தம்பியை உயிரோடு வைத்திருந்ததோ, அதே பூ வெள்ளிக்கிழமை அவனுக்குக் கொள்ளி வைக்கப்போகிறது. அம்மா தெரியாமல் கேள்வியைத் திருப்பிப் போட்டுவிட்டாள்.

மாற்ற வழியில்லாமல் இல்லை. அம்மா வருவதற்கு முன்னால் டிவியை அணைத்துவிட்டு, பெட்டியை மட்டும் உயிர்ப்பித்து, ஒரு பூவைக் கண்ணுக்குத் தெரியாமல் எடுத்துத் தீர்த்துவிட்டால் போதும். அடுத்தது சிவப்பு. தம்பி பிழைப்பான். அம்மா வீட்டோடு கிடந்து, ஒரு நாள் அடுப்படியில் விழுவாள். வேண்டாம், எதுவும் செய்யாமல் விட்டால் வெள்ளை. அம்மா பிழைப்பாள். தம்பி, அவன் எங்கேயாவது இருந்தால், தனக்குத் தெரியாமலே செத்துப்போவான். ஆபீசில் உட்கார்ந்து இதையே உருட்டிக்கொண்டிருந்தாள். எதிர் சீட்டு சரண்யாதேவி இரண்டு தடவை, "என்னக்கா, மேலுக்கு முடியலையா?" என்று கேட்டாள். ஒரு விரல் நுனியில் ஒருத்தன் இருந்தான், ஒருத்தி இருந்தாள். இப்படி ஒரு பூசாரித்தனம் யாருக்கும் வரவேண்டாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது ஜானு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. "ஒண்ணுமில்லைடி, கொஞ்சம் படபடன்னு வந்தது" என்று சிரிக்கப் பார்த்தாள். அங்கேயே, செருப்பைக் கழற்றும்போதே, பிரியம்வதா முடிவு செய்துவிட்டாள். பெட்டியைத் தொடமாட்டாள். வெள்ளையே விழட்டும். மன்னிச்சுக்கோடா ராமு என்று மனசுக்குள் சொன்னாள். சொன்னதும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நல்ல வெயில். பேய் பிசாசுக் கதைக்கு உண்டான நேரமே இல்லை. தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள், பக்கத்து வீட்டில் குக்கர் கத்தியது. பிச்சுமணி சொல்லியனுப்பியிருந்ததால் விருமாண்டியும் வயலில் பறித்த முருங்கைக்காயோடு வந்திருந்தான். அவனுக்கும் இப்போது காதோரம் நரைத்திருந்தது. பிரியம்வதாவைப் பார்த்தான். வெள்ளைதானே விழும், சம்மதம்தானா என்று அந்தப் பார்வையே கேட்டது. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

சுவிட்சைப் போட்டாள். கோடு மினுக்கியது. பூக்கட்டு வந்தது, இரண்டு பொட்டலம் வந்தது. ஜானு தலையில் ஈரம் சொட்ட வந்து உட்கார்ந்து, கண்ணை மூடி வெகுநேரம் இருந்தாள். வழக்கமாக அவ்வளவு நேரம் இருக்கமாட்டாள். பிறகு இரண்டை அமுக்கினாள்.

பூ மேலிருந்து வரி வரியாக விரியும் என்று சொன்னேனே, முதல் வரி வந்தது. ஒற்றை நட்சத்திரம். சிவப்பு.

டிவி கெட்டுவிட்டது என்றுதான் பிரியம்வதா நினைத்தாள். அடுத்த வரி வந்தது, அதற்கடுத்தது வந்தது. திரை முழுக்க ரத்தச் சிவப்பில் ஒரு பூ நின்றது. விருமாண்டி கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றான்.

பிச்சுமணிக்குத்தான் முதலில் வாய் வந்தது. "இன்னொரு தடவை பார்த்துடலாமே, ஜானு."

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான்" என்றாள் ஜானு. கையை நீட்டித் திரையை ஒரு தடவை தடவினாள். காய்ச்சலில் கிடக்கிற குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு அவளே சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். பிச்சுமணி, காரியம் இல்லை என்று வாத்தியாருக்குப் போன் பண்ண வாசலுக்குப் போனார்.

மீதி இரண்டு பேரும் பெட்டியின் மேல் பாய்ந்தார்கள். அணைத்துப் போட்டார்கள். வெள்ளை. மறுபடி போட்டார்கள். வெள்ளை. ஒன்றை அமுக்கினார்கள், இரண்டை அமுக்கினார்கள், பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து சொருகினார்கள். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. கை சலிக்கிற வரைக்கும் வெள்ளை.

"கீபோர்டு கட்டை ரெண்டு தரம் பட்டிருக்குமோக்கா? சில நேரம் ஒட்டிக்கிரும்."

"பட்டிருந்தா ரெண்டு பூ வந்திருக்கணும். முதல்ல வெள்ளை வந்துட்டுத்தானே சிவப்பு வரும்? ஒண்ணுதானே வந்தது. நீயும்தானே பார்த்தே?"

"பாத்தேன்." அவன் குரல் இறங்கிப் போயிருந்தது. "நீங்க காலைல எதுவும்..."

"தொடவே இல்லை, விருமாண்டி. சத்தியமா இல்லை. வெள்ளை விழணும்னுதான் விட்டேன்."

ஸ்ரீராம் எழுதியிருந்த வரிகளை அவன் திரையில் வரவழைத்து ஒவ்வொன்றாகப் படித்தான். ஒரு எழுத்து மாறவில்லை. குலுக்கச் சொல்கிற வரி எப்போதும்போல் இல்லாமலேதான் இருந்தது. படித்து முடித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்க்கா. அந்த வரியை அவன் மறக்கல. நாந்தான் எழுதிக் குடுத்தேன், அவந்தான் அழிச்சான். 'எங்கம்மா எதக் கேட்டாலும் இது ஆமான்னுதான்டா சொல்லணும். இல்லைன்னு சொல்றதுக்கு ஊர்ல ஆளா இல்ல'ன்னான். உசுரோட இருக்கானான்னு அம்மா அவன் மிசினுகிட்டயே கேப்பாங்கன்னு அன்னைக்கு யாருக்குத் தெரியும்?"

பிரியம்வதா காபி கலந்து கொடுத்தாள். குடிக்காமல், "வாரேங்க்கா" என்று கிளம்பிவிட்டான். எதற்கும் பயப்படாதவன், வாடிவாசலில் மாட்டின் முன்னால் நின்றவன், அந்தக் கூடத்தைவிட்டுப் போகும்போது பெட்டிக்கு முதுகைக் காட்டாமல் போனான்.

பிரியம்வதா உள்ளே போனாள். அம்மா இனி சாகிற வரைக்கும் இந்த வீட்டைவிட்டு நகரமாட்டாள் என்றே நினைத்தாள். இத்தனை பொய் சொன்னதற்குக் கூலி இது. ஆனால் ஜானு கட்டில்மேல் பையைத் திறந்து வைத்துப் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். உங்கப்பாவை ஆட்டோ கூப்பிடச் சொல்லு."

"சிவப்புன்னா அந்தப் பேச்சே எடுக்கப்படாதுன்னியே?"

"காரியம் பண்ற பேச்சை எடுக்கப்படாதுன்னேன். அவன் இருக்கான்னா, நானும் இருந்தாத்தானேடி பார்க்க முடியும்?" ஒரு புடவையை மடித்து உள்ளே வைத்தாள். மூச்சு வாங்க உட்கார்ந்தாள். "உன் பெட்டியோட லட்சணம் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிண்டிருந்தியா?"

பிரியம்வதா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நீ ஆபீஸ் போனப்புறம் நாள் பூரா எனக்கு என்ன வேலை? அணைச்சு அணைச்சுப் போட்டுப் பார்ப்பேன். இன்னிக்கு மழை வருமா? வெள்ளை. மழை வராது. நான் ராஜகுமாரியா? வெள்ளை. பெட்டிக்கு அது ஒண்ணுதான் தெரியும்னு எப்பவோ தெரிஞ்சுபோச்சு. நீ பின்னால நிப்பியே, உன் மூச்சு என் கழுத்துல படும். பாவம், இவளுக்காகவாவது சாப்பிடணும்னு சாப்பிடுவேன்."

"அப்போ இன்னிக்கு..." பிரியம்வதா அம்மாவின் கையைப் பிடித்தாள். "வெள்ளை விழுந்தா காரியம்னு நீதானேம்மா சொன்னே."

"ஆமா, தெரிஞ்சுண்டேதான் சொன்னேன். உங்கப்பா மாடியில போய் நின்னு அழறார். நீ நரைச்சுப்போயிட்டே. நான் ஒருத்தி கதவைப் பிடிச்சிண்டு உங்க ரெண்டு பேரையும் உள்ளே வெச்சுப் பூட்டிட்டேனேன்னு தோணித்து. போதும்டா ராமு, நீ போன்னு கண்ணை மூடிச் சொல்லிட்டுத்தான் அமுக்கினேன்." அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "அவன் மாட்டேன்னுட்டான்."

இரண்டு பேரும் அவனைப் போகச் சொல்லியிருந்தார்கள். ஒருத்திக்கொருத்தி தெரியாமல், ஒரே பூவை வைத்து. பிரியம்வதா அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் சத்தம் போட்டு அழுதது அன்றைக்குத்தான். அழுது முடித்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. அவன் இருக்கிறான், அம்மா வருகிறாள், அம்மா பிழைப்பாள்.

மூஞ்சியைக் கழுவப் போனபோதுதான் அது தோன்றியது. தண்ணீரைக் கையில் ஏந்தியபடியே நின்றுவிட்டாள்.

உயிரோடு இருக்கிறேன், காரியம் பண்ணாதே என்றுதான் சிவப்பு சொன்னது. சரி. உயிரோடு இருக்கிறவன் எங்கேயோ ஒரு ஊரில் இருப்பான், ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருப்பான், பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பான். இன்டர்நெட் இல்லாத, கடிகாரம்கூட இல்லாத இந்தப் பெட்டிக்குள் வந்து வரிசையில் நிற்கிற எண்ணை நகர்த்த, ரத்தமும் சதையுமாக இருக்கிற எவனால் முடியும்?

குளியலறைக்குள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கூடத்தைத் தாண்டிப் போகவேண்டுமே என்று பயமாக இருந்தது. தன் தம்பியைப் பார்த்தா பயப்படுகிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது. இதை அம்மாவிடம் சொன்னால் பையைக் கீழே வைத்துவிடுவாள். பூசாரி மறுபடியும் வாயை மூடிக்கொண்டாள்.

ஆட்டோ வந்தது. ஜானு பிச்சுமணியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினாள். தாண்டிவிட்டு ஒரு கணம் கண் கூசி நின்றாள். பூட்டப் போன பிரியம்வதாவைத் தடுத்தாள். "தாழ்ப்பாளை மட்டும் இழுத்து விடு. பூட்டாதே." யாரும் அவளோடு வாதம் செய்யவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆற்றைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆட்டோ பாலத்தில் ஏறியது. கீழே வைகை காய்ந்து கிடந்தது. அங்கங்கே கோரையும் கருவேலமும், ஓரத்தில் ஒரு கோடு சாக்கடைத் தண்ணீர், நடுவில் வெறும் மணல். பைக் நின்ற இடத்தை ஜானு பார்த்ததே இல்லை. அம்மா அந்தப் பக்கம் பார்க்கவேண்டாம் என்று பிரியம்வதா மறைத்து உட்கார்ந்திருந்தாள்.

"தள்ளிக்கோ" என்றாள் ஜானு.

"வேண்டாம்மா."

"நீ என்ன யோசிக்கறேன்னு எனக்குத் தெரியும். பெட்டியை அணைக்கும்போதே நானும் யோசிச்சுட்டேன். வாயால சொல்லிடாதே, உங்கப்பா தாங்கமாட்டார்."

முன்னால் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிச்சுமணிக்கு இது காதில் விழவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். பிரியம்வதா தள்ளிக்கொண்டாள். ஜானு கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டி, கீழே அந்த மணலைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக யார் வருவான் என்று வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாளோ, அவனிடம் சொல்லிக்கொண்டு போகிற மாதிரி, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"போயிட்டு வரேண்டா. கதவு திறந்துதான் இருக்கு."